நொட்டாங்கை நத்தைகள்

தங்கை மகள் பூவிழியைத் தன் மகன் ஹரிதாஸுக்குக் கட்டிவைத்தே தீருவது என்று பக்கிரிசாமிக்கு ஒரே பிடிவாதம். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இருந்தவை நாலே குடும்பங்கள். ரோடு வரும்வரை தங்களுக்குள்ளேயே பெண் எடுத்து, பெண் கொடுத்து, இப்போது யார் யாருக்கு என்ன முறை என்று சொல்வதே கஷ்டம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த பூவிழிக்கோ, சின்ன வயதில் தன் தலையில் அட்டைப்பூச்சியைப் போட்டவனைப் புருஷனாக நினைத்தாலே சிரிப்பு வந்தது. ஹரிதாஸுக்கும் விருப்பமில்லை; அப்பாவிடம் சொல்லத் தைரியமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மலை நத்தைகளை ஆராய வந்த கரேன், பக்கிரிசாமி வீட்டு முன்னறையில் தங்கினாள். ஒரு சாயங்காலம் எல்லாரும் தேநீர் குடிக்கும்போது மேசையில் ஒரு நத்தையை வைத்தாள்.

"மத்த நத்தைங்களுக்கு ஓடு வலப்பக்கம் சுத்தும். இந்த உச்சியில இருக்கிறதுக்கு மட்டும் இடப்பக்கம்."

"ஏன்க்கா அப்படி?" என்றாள் பூவிழி. பதில் அவளுக்கு முதல் நாளே தெரியும்.

"இந்த உச்சி ஒரு தீவு மாதிரி. சுத்தி கடலுக்குப் பதிலா சூடான பள்ளம். இதுங்க கீழ எறங்கினா செத்துடும். வெளியேருந்தும் எதுவும் வராது. சொந்தத்துக்குள்ளயே சேர்ந்து சேர்ந்து எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு."

"அட, நம்ம மூணு பேருக்கும் நொட்டாங்கை, மாமா!"

பக்கிரிசாமி குனிந்து பார்த்தார். பூவிழியின் கோப்பை இடது கையில். ஹரிதாஸின் கோப்பையும், அவருடையதும் அப்படியே. மெல்லக் கீழே வைத்தார்.

"இதுங்களுக்குக் கடைசியில என்னம்மா ஆகும்?"

"ஒரு சீக்கு வந்தா எல்லாம் ஒண்ணா போயிடலாம் அங்கிள்."

பக்கிரிசாமி நத்தையைக் கரேன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "இந்தக் கல்யாணம் வேணாம்லா" என்றார்.

மேசைக்கு அடியில் பூவிழி ஹரிதாஸின் காலை மிதித்தாள். ஆனால் பக்கிரிசாமி முடிக்கவில்லை. கரேனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"பினாங்கு, அங்கிள்."

"கல்யாணம் ஆச்சா?"

"இன்னும் இல்ல."

ஹரிதாஸுக்குப் புரையேறியது.

"நீ கும்பிடுற சாமி வேற, நாங்க கும்பிடுற சாமி வேற. அத அப்புறம் பேசிக்கலாம்" என்று மலர்ந்த அவர் முகம் சட்டென்று சுருங்கியது. "பினாங்கா? அதுவும் தீவாச்சே!"

"பாலம் கட்டி ரொம்ப வருஷம் ஆச்சு, அங்கிள்" என்றாள் கரேன், ஹரிதாஸைப் பார்க்காமல்.

பூவிழி அவளை முறைத்தாள். அவளும் தானும் சேர்ந்து போட்ட திட்டத்தில் இது இல்லை.