சீட்டம்மா தைத்த பேண்ட்

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மருமகள் உள்ளே நடந்து வந்ததைப் பார்த்ததுமே சீட்டம்மா கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். நடையா அது? பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் போயின. சோபா வரைக்கும் வந்தவள் அதில் உட்காரவில்லை. கைப்பிடிமேல் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

“பேண்ட்டு எப்படிம்மா இருந்துச்சு?”

“சூப்பரா இருந்துச்சு அத்தை.”

“எங்கயும் கடிக்கலையே?”

“சேச்சே. மெத்தை மாதிரி.”

சொல்லிவிட்டு எழுந்தாள். எழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டதைச் சீட்டம்மா பார்த்துவிட்டாள். மெத்தையில் உட்கார்ந்தவள் எதற்குப் பல்லைக் கடிக்க வேண்டும்? சீட்டம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சீட்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். வீட்டின் முன்னறையில் கடை. கார், வேன், லாரி எதுவானாலும் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வெட்டி, ரெக்சின் போர்த்தி, ஓரத்தில் உள்ளே கயிறு வைத்து உருண்டையாகப் பைப்பிங் ஓட்டிக் கொடுப்பாள். அவள் தைத்த சீட்டில் விடிய விடிய வண்டி ஓட்டிய லாரிக்காரன் எவனும் இதுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரே மகன் கப்பலில் என்ஜின் மெக்கானிக். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிவிட்டான். வீட்டில் மிஞ்சியவர்கள் மாமியாரும் மருமகளும். மற்ற வீடுகளில் இந்த ஜோடி சண்டை போடும். இங்கே நிலைமை அதைவிட மோசம், இரண்டு பேரும் மரியாதையாக இருந்தார்கள். குழம்பில் உப்பே போட மறந்த அன்றும் மருமகள் “நல்லா இருக்கு அத்தை” என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சீட்டம்மா பிறகு தன் தட்டில் கைவைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியற்காலையில் பெண்கள் சைக்கிள் குழுவோடு கிளம்பிவிடுவாள். குழுவுக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். அடுத்த மாதம் அவர்கள் இரண்டு நாள் சைக்கிள் மிதித்துக் கடற்கரைக் கலங்கரை விளக்கம் வரைக்கும் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பரீட்சை இருந்தது. அணைக்கட்டுக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேருகிறவர்களைத்தான் கூட்டிப்போவார்கள்.

மருமகள் கடலையே பார்த்ததில்லை. கட்டிக்கொண்டவன் இருப்பதோ கடலில். பஸ்ஸில் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று சீட்டம்மா ஒருமுறை சொன்னாள். “இல்ல அத்தை, நானா மிதிச்சுப் போய்ப் பாக்கணும்” என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் “சைக்கிள் சீட்டு கொஞ்சம் கடினம் அத்தை, மெத்தை வெச்ச பேண்ட்டு போடணுமாம்” என்று அவள் சொன்னபோது சீட்டம்மா துள்ளிக் குதித்தாள். சீட்டு என்றால் சீட்டம்மா! இழுத்தால் இழுபடும் கறுப்புத் துணி வாங்கினாள். உட்காரும் இடத்தில் இரண்டு விரல் கனத்துக்கு முதல்தர ஸ்பாஞ்ச் வைத்தாள். சும்மா விட்டால் அழகாயிருக்காது என்று சுற்றிலும் பைப்பிங்கும் ஓட்டினாள். லாரி சீட்டுக்கு என்ன உண்டோ அத்தனையும் அந்தப் பேண்ட்டில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டுத்தான் மருமகள் இப்படி நடந்து வந்திருக்கிறாள்.

மறுநாள் சீட்டம்மா ஒரு சைக்கிள் கடைக்குப் போனாள். அங்கே சுவர் முழுக்கப் பேண்ட்டுகள் தொங்கின. ஒன்றில் பட்டி, ஒன்றில் தோள்வார், ஒன்று முழங்கால் வரை, ஒன்று கணுக்கால் வரை. கையுறை, முதுகில் பை வைத்த சட்டை, கொண்டை வெளியே வர இடம் விட்ட ஹெல்மெட் என்று பெண்களுக்கென்றே ஒரு மூலை. கடைக்காரர் ஜெல் என்றார், டென்சிட்டி என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். பெண்கள் பேண்ட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் மனுஷர் திரும்பி ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“லேடீஸுக்குன்னா பின்னாடி அகலமா வரும்மா. எலும்பு... அது வந்து... அப்படித்தான் அமைப்பு. மெல்லிசா இருக்கும், தையல் படாது. அப்புறம்...” குரல் தணிந்தது. “உள்ள வேற எதுவும் போடக் கூடாது.”

“எதுவும்னா?”

“எதுவும்தாம்மா,” என்றார் ஹெல்மெட்டிடம்.

சீட்டம்மா ஒரு பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே இருந்த மெத்தை அவள் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. இதில் உட்கார்ந்தால் வலிக்காது, நான் வைத்த ஸ்பாஞ்சில் உட்கார்ந்தால் வலிக்குமா? ஸ்பாஞ்சைப் பற்றி எனக்கே பாடமா? கேட்டதில் பாதியை அவள் நம்பவில்லை, பாதி விளங்கவில்லை. தன் தையலைக் குறை சொல்லாத ஒரு சங்கதியை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். உள்ளே எதுவும் போடக் கூடாது. அதுதான் கோளாறு!

ஆனால் மருமகளிடம் அதை எப்படிச் சொல்வது? இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தாள்.

“சைக்கிள்ல போறப்ப... கொஞ்சம் காத்தோட்டமா இருந்தா நல்லதும்மா.”

“புழுக்கமா இருக்கா அத்தை?” என்று மருமகள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று சீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் போட்டு உடைத்தாள். மருமகளின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

“அது தெரியும் அத்தை. முதல் நாளே டாக்டர் சொல்லிட்டாங்க. நான் போடல.”

அப்படியானால் அதுவும் இல்லை. பிறகு எதுதான்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில், தெரிந்த வைத்தியத்தையே செய்வோம் என்று தையலைப் பிரித்து இன்னொரு விரல் கனம் ஸ்பாஞ்ச் ஏற்றினாள்.

அடுத்த ஞாயிறு அதிசயம் நடந்தது. மருமகள் மான் மாதிரி வந்தாள், சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள், காலைக்கூட ஆட்டினாள். சீட்டம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருமகள் மாற்றிப் பையில் வைத்திருந்த பேண்ட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு இஸ்திரிக்காரியிடம் பெருமை பேசப் போனாள். அவள் சீட்டம்மாவின் சினேகிதி. நல்ல வார்த்தை சொல்லும் பழக்கம் இல்லாதவள்.

“இதப் போட்டுட்டா போயிட்டு வந்தா?” இஸ்திரிக்காரி பேண்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். “இப்பதான் அவ உள்ள போறதப் பாத்தேன். சட்டைய முறுக்கினா ஒரு வாளி வேர்வை வரும். இதுல ஒரு சொட்டு இல்லையே?”

“ஸ்பாஞ்சு உறிஞ்சிருக்கும்.”

“உறிஞ்சினா ஈரமா இல்ல இருக்கணும்? நீ மடிச்ச மடிப்புகூடக் கலையல.”

சீட்டம்மா வெடுக்கென்று பேண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தாளே தவிர மனசு சமாதானமாகவில்லை. நடை நன்றாயிருக்கிறது, பேண்ட் காய்ந்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டே வாரம் கழிந்தது. அணைக்கட்டுக்குப் போகிற நாளும் வந்துவிட்டது. தண்ணீரும் பஞ்சர் சாமானும் ஏற்றிக்கொண்டு குழுவின் பின்னாலேயே ஒரு வேன் போகும். அந்த வேனின் சீட்டுகள் சீட்டம்மா தைத்தவை.

“நானும் வேன்ல வரேம்மா. கண்ணால பாத்தாதான் எனக்கு நிம்மதி.”

மருமகளின் முகம் வெளுத்தது. “வேணாம் அத்தை, வெயில் அதிகம்...”

“வெயில் எனக்கு மட்டுமா அடிக்கப் போகுது?”

மருமகள் உள்ளே போய், பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரே வாரத்தில் இடுப்பு பெருத்தாற்போல இருந்தது. நல்லாச் சாப்பிடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சீட்டம்மா வேனில் ஏறினாள்.

ஊர் எல்லையைத் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு மருமகள் சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதிக்க ஆரம்பித்தாள். உட்காருவாள், உடனே எழும்புவாள். மற்றவர்களின் சட்டைகள் முன்னால் சின்னதாகிக்கொண்டே போய் ஒரு வளைவில் மறைந்தன. வேன் அவள் பின்னாலேயே ஊர்ந்தது. சீட்டம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“பேண்ட்டு எப்படிம்மா?”

மருமகள் திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சீட்டம்மா மறுபடியும் கேட்டாள். மறுபடியும் கட்டைவிரல். போன வாரம் மானாக வந்தவள் இன்று ஏன் இப்படி? சாலையா, வெயிலா, சைக்கிளா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கண்ணால் பார்க்க வந்து, பார்த்ததிலும் ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் மருமகள் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் ஓடினாள். போனவள் வரவில்லை. சீட்டம்மா இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

“என்னம்மா ஆச்சு?”

“வர மாட்டேங்குது அத்தை. ஒட்டிக்கிச்சு.” குரலில் அழுகை தெரிந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

சீட்டம்மா தைத்த பேண்ட் முழங்காலில் சுருண்டு நின்றது. அதற்கு உள்ளே இன்னொரு பேண்ட். கடையில் பார்த்ததே, சுண்டுவிரல் கனம் மெத்தை, அதேதான்.

“எதுக்கும்மா ரெண்டு?”

“குளிருச்சு அத்தை,” என்றாள் மருமகள். அவள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

சீட்டம்மாவின் பார்வை அந்தச் சொட்டின் பின்னாலேயே தரைவரை போயிற்று. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இது டாக்டர் வாங்கிக் குடுத்தது. முதல் வாரம் நான் நடந்ததப் பாத்துட்டு.”

“அப்போ போன வாரம்?”

“உங்களுதப் பையிலயே விட்டுட்டு, அவங்க க்ளினிக்ல இதப் போட்டுக்கிட்டுப் போனேன். திரும்பும்போதும் அங்கதான் மாத்தினேன்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு நீங்க பின்னாடியே வர்றீங்களே அத்தை!”

கழிப்பறையின் தகரக் கூரை அதிர்ந்தது. அவள் குரல் இவ்வளவு உயரும் என்று சீட்டம்மாவுக்கு அதுவரை தெரியாது. கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. இதில் எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல், குனிந்து, தான் தைத்த பேண்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

“கோவமா அத்தை?”

“கோவம்தான். அத அப்புறம் பாத்துக்கலாம். கால முதல்ல தூக்கு.”

மருமகள் கிளம்பினாள். இந்தமுறை உட்கார்ந்துதான் மிதித்தாள். ஆனால் தோல் ஏற்கெனவே உரிந்திருந்தது. போன நேரமும் போனதுதான். அவள் அணைக்கட்டை எட்டியபோது மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து வேர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மணி பத்து தாண்டிவிட்டது.

சீட்டம்மா பல் டாக்டரின் முன்னால் போய் நின்றாள். “தப்பு என்னோடது டாக்டர். பேண்ட்டு என்னோடது. அவ நல்லா மிதிப்பா.”

“நல்லா மிதிப்பான்னு எனக்கும் தெரியும்மா,” என்றார் டாக்டர் தணிவாக. “மணிய விடுங்க. இந்தப் புண்ணோட ரெண்டு நாள் எப்படி உக்காருவா? அடுத்த வருஷம் பாக்கலாம்.”

சீட்டம்மா போய் மருமகளின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

சைக்கிளை வேனின் தலையில் கட்டினார்கள். திரும்பும் வழியில் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், மருமகள் ஒருக்களித்து. பேண்ட் சீட்டம்மாவின் மடியில் கிடந்தது. அதன் பைப்பிங்கை அவள் நகத்தால் நெருடிக்கொண்டே வந்தாள். கடைசியில் சீட்டம்மாவால் தாங்க முடியவில்லை.

“என்னாலதான?”

வழக்கமாக அவள் என்ன சொல்வாள் என்று சீட்டம்மாவுக்குத் தெரியும். சேச்சே, அதெல்லாம் இல்ல அத்தை. அந்தப் பதிலுக்குத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றாள் மருமகள். “உங்களாலதான். நான் வாயத் தொறக்காததாலயுந்தான். அடுத்த மாசம் கடலப் பாத்திருப்பேன் அத்தை.” சொல்லிவிட்டு மறைக்காமல் அழுதாள்.

சீட்டம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே என்னவோ ஒரு நிம்மதியும் இருந்தது. அது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தாள். பேண்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, இருவர் மடியிலும் விரித்தாள்.

“எங்கெங்க கடிச்சுது, சொல்லு.”

மருமகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். “இந்தப் பைப்பிங். முழுசும். இங்க தையல் குறுக்க வருது. இந்த ஸ்பாஞ்சு நகர்ந்து நகர்ந்து இப்படி...” அவள் காட்டக் காட்டச் சீட்டம்மா வட்டம் போட்டாள். வேன்காரன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். கறுப்புத் துணி வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

திடீரென்று மருமகள் நிறுத்திவிட்டாள்.

“இன்னும் இருக்கு அத்தை. பேண்ட்டு மட்டும் இல்ல. ஆனா நீங்க வருத்தப்படக் கூடாது.”

“வருத்தப்படுவேன்,” என்றாள் சீட்டம்மா. “நீ சொல்லு.”