திங்கட்கிழமை சாம்பார்

அடுப்பு மேடையில் ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது.

பெரியகருப்பன் முதலில் அதைப் புழு என்றுதான் நினைத்தார். கத்தரிக்காயிலிருந்து விழுந்திருக்கும் என்று கரித்துணியால் தள்ளப் போனவர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். புழு இப்படித் துள்ளாது. வெளிறிய நிறம், அறுந்த முனையில் பொட்டு மாதிரி ரத்தம். பல்லி வால். பல்லியைக் காணோம்.

வாலிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாம்பார் அண்டா நின்றது. மூடி இல்லாமல், ஆவி பறக்க.

அதைத் திறந்துபோட்டவர் அவர்தான். அடுப்பில் அண்டா இரண்டு, சரியான மூடி ஒன்று. சோற்று அண்டாவின் மூடி கீழே விழுந்து விளிம்பு நெளிந்து கிடந்தது. அதை வைத்துக் கஞ்சி வடித்தால் பாதிச் சோறு சாக்கடையைப் பார்த்துப் போகும். அதனால் கொஞ்ச நாளாகவே சாம்பார் மூடியை எடுத்துக் கஞ்சி வடித்துவிட்டுத் திரும்ப வைப்பார். பத்து நிமிசம்தானே என்ற நினைப்பு. அடுப்புக்கு நேர் மேலே டியூப்லைட். டியூப்லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி வரும். இது தெரியாத ஆளா அவர்? தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

மாவட்ட அலுவலக வளாகத்தின் பின்பக்கம் இருந்தது அந்தக் கேன்டீன். மகளிர் குழு நடத்துவது. பதினொரு பெண்கள், அண்டா தூக்க ஓர் ஆண்பிள்ளை. முப்பது வருசம் கிணறு வெட்டித் தேய்ந்த முழங்காலோடு வந்து சேர்ந்தவர் பெரியகருப்பன். திங்கட்கிழமை என்றால் குறைதீர்க்கும் நாள். நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று நாலா திசையிலிருந்தும் மனுவோடு வரும் சனம் முந்நூறு பேராவது இருக்கும். அதில் பாதிப் பேர் இங்கேதான் சாப்பிட வேண்டும். சுற்றிலும் வேறு கடை கிடையாது.

போன மாதம் பொரியலில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதற்கு ஒரு மனு போனது. இன்னொரு புகார் எழுத்தில் வந்தால் கேன்டீனைப் பூட்டி வெளி ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. குழுத் தலைவி அல்போன்சா அதை எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு தரம் படித்துக் காட்டியிருந்தாள்.

பெரியகருப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். ஆனந்தி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. வாலைக் கரித்துணியில் சுருட்டி எடுத்துச் சாக்கடையில் உதறினார். மூடியை அண்டா மேல் வைத்தார். காரியம் முடிந்தது என்று மனசு சொன்னது. நெஞ்சு மட்டும் கிணற்று மோட்டார் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

வால் இல்லாத பல்லி ஒன்றை உயிரோடு பார்த்துவிட்டால் போதும். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தார். பருப்பு டின்களை நகர்த்தினார். ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட் பட்டைக்குள் எட்டினார். ஒரு பல்லி இருந்தது. முழு வாலோடு சாவகாசமாக உட்கார்ந்து அவரையே பார்த்தது.

"என்னண்ணே, ஒட்டடை அடிக்கிற நேரமா இது? பன்னெண்டே காலாகப் போகுது" என்றாள் ஆனந்தி.

ஸ்டூலிலிருந்து இறங்கி அல்போன்சாவைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். இரண்டே வாக்கியம்தான் சொன்னார். அல்போன்சாவின் முகம் வெளிறிப்போனது.

"உள்ள விழுந்ததைக் கண்ணால பாத்தீகளா?"

"இல்ல தாயி. வாலைத்தான் பாத்தேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"மூச்சு விடாதீக. இப்பவே காலி அண்டால வடிகூடையை வச்சு வடிச்சுப் பாப்போம். கெடந்தா கொட்டிருவோம். இன்னைக்கு ரசம் மட்டுந்தான்னு சொல்லிக்கலாம். சாம்பார் தீஞ்சு போச்சுன்னா யாரு கேக்கப் போறா?"

நல்ல யோசனைதான். வடிகூடையை எடுக்கத் திரும்பிய பெரியகருப்பனின் கண் சுவரில் போய் நின்றது. ஐந்து எவர்சில்வர் வாளிகள் தொங்கும் இடத்தில் நான்குதான் தொங்கின.

"டெய்சி எங்க?"

"மாற்றுத்திறனாளிகளுக்கும் வயசானவங்களுக்கும் முதல் பந்தி போட்டுட்டாளே" என்றாள் ஆனந்தி. "நீங்க கஞ்சி வடிச்சு முடிக்கிறப்பவே வாளியை முக்கிட்டுப் போயிட்டா."

அல்போன்சா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலை அடக்கினாள். "வாளியை மட்டும் வாங்கிட்டு வாங்க. வாயைத் தொறந்துறாதீக. பதினொரு குடும்பம்ண்ணே."

சாப்பாட்டுக்கூடத்துக்கு முப்பது அடிதான். அன்றைக்கு அது முந்நூறு அடியாக நீண்டது. வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டே நடந்தார். உப்பு கூடிப்போச்சு. பெருங்காயம் போட மறந்துட்டோம். எதுவும் நாக்கில் நிற்கவில்லை.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் சோறு விழுந்திருந்தது. டெய்சி கடைசித் தட்டுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் மேசையில், முதல் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர் கிளெமென்ட். கொண்டை ஊசிக்கு மனு போட்ட அதே ஆள். எழுபது வயது, ஓய்வுபெற்ற எழுத்தர். தெருச் சாக்கடைக்காக ஒரு திங்கள்கூடத் தவறாமல் வருகிறவர். ஏப்ரனும் தொப்பியும் போட்ட பெண்கள் அவரைக் கண்டாலே குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"டெய்சி, வாளியைக் குடு தாயி."

"இருங்க பெரியப்பா, இன்னும் ஒரு தட்டுதான்."

"குடுன்னா குடு."

வாளியைப் பிடுங்கினார். டெய்சி வாயைப் பிளந்து நின்றாள். இனி என்ன? வாளி கைக்கு வந்துவிட்டது, தட்டுகள் வரவில்லையே. அடுத்த மேசையில் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, காலில் இரும்புச் சட்டம் மாட்டிய ஐந்து வயது மகளை மடியில் வைத்துச் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். உருண்டையை ஊதி ஆற்றினாள். பிள்ளை வாயைத் திறந்தது.

"ஊட்டாதம்மா!"

கூடமே திரும்பியது. சொல்லிய பிறகு அவருக்கே தன் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"யாரும் சாப்புடாதீங்க. சாம்பார்ல பல்லி விழுந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. தொறந்து வச்சது நான்தான். இந்தப் புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது."

 நாற்காலிகள் கரகரவென்று தேய்ந்தன. அந்தத் தாய் பிள்ளையின் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். உள்ளே ஒன்றும் போயிருக்கவில்லை. பிள்ளை மட்டும் பசியில் வீறிட்டது. வாசலில் நின்ற வரிசையிலிருந்து நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன.

"தலையில விழுந்தா பலன் சொல்லுவாக. சாம்பார்ல விழுந்தா என்ன பலன்?" என்றது வரிசையில் ஒரு குரல்.

"கேன்டீனுக்குச் சனி பிடிச்சதுன்னு பலன்" என்றது இன்னொன்று.

அல்போன்சா வந்து நின்றாள். கண்ணாலேயே அவர் தோலை உரித்தாள்.

கிளெமென்ட் எழுந்திருக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். தோள்பையிலிருந்து முழுத்தாள் ஒன்றை உருவினார். திங்கட்கிழமை அந்த வளாகத்தில் சாப்பாடு இல்லாத ஆள் இருப்பான். தாளும் பேனாவும் இல்லாத ஆள் இருக்க மாட்டான்.

"நான் ரெண்டு வாய் சாப்ட்டுட்டேன்" என்றார் எழுதிக்கொண்டே. "அதையும் குறிச்சுக்கிறேன்."

"சார்…" என்றாள் அல்போன்சா.

"என்கிட்டப் பேசாதம்மா. அண்டாவை இங்க கொண்டு வா. எல்லாரு முன்னாலயும் வடிகட்டு."

பெரியகருப்பனும் ஆனந்தியும் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். காலி அண்டா மேல் வடிகூடையை வைத்து, அகப்பை அகப்பையாக ஊற்றினார் பெரியகருப்பன். வரிசை கலைந்து கூட்டம் வட்டமாக நெருங்கியது. முருங்கைக்காய் விழுந்தது. கத்தரிக்காய் விழுந்தது. அப்புறம் கறுப்பாக, கால் மாதிரி நீட்டிக்கொண்டு ஏதோ ஒன்று.

"அந்தா!"

கூட்டம் பின்வாங்கியது. பெரியகருப்பன் சுடச்சுட விரலால் எடுத்துப் புரட்டினார். கத்தரிக்காய்க் காம்பு.

மறுபடி ஊற்றினார். புளி நார் வந்தது. சுருண்ட மிளகாய் வந்தது. ஒவ்வொன்றையும் விரலால் புரட்டிப் பார்த்தார். அண்டாவின் அடியில் மிஞ்சியதையும் கவிழ்த்தார். டெய்சியின் வாளியைக் கவிழ்த்தார். பன்னிரண்டு தட்டுச் சோற்றையும் தனித்தனியாகக் கிளறினார், கிளெமென்டின் எச்சில் தட்டு உட்பட. பல்லி இல்லை.

 இருந்திருந்தால் கொட்டிவிட்டுப் போகலாம். இல்லை என்பதை என்ன செய்வது?

"வாலு எங்க? காட்டு" என்றார் கிளெமென்ட்.

"சாக்கடையில போட்டுட்டேன் சார்."

"ஏன் போட்ட?"

"மறைக்கத்தான்." பெரியகருப்பன் தலை குனியவில்லை. "முதல்ல மறைக்கத்தான் பாத்தேன்."

கிளெமென்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேனா தாளின் மேல் நின்றது. "பல்லி இருந்தா கேன்டீன் மேல எழுதலாம். இல்லாத பல்லிக்கு யார் மேல எழுதுறது?"

"வாலை விட்டுட்டு ஓடிருச்சுன்னா அது பொழச்சுக்கிச்சுன்னுதான அர்த்தம்?" என்றாள் நிலக்கோட்டைப் பெண். "எம்புள்ள காலையில அஞ்சு மணிக்குக் குடிச்ச பாலோட கெடக்கு. கொதிக்க வச்சு ஊத்துறியளா, இல்லையா?"

ஆனந்தி அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டாள். கொதித்ததை வெளியே கொண்டுவந்தார்கள். டெய்சி கரண்டியை எடுத்தாள். ஒரு தட்டும் நீளவில்லை.

"முதல்ல அந்த ஆளுக்கு ஊத்து" என்றார் கிளெமென்ட்.

டெய்சி ஊற்றினாள். பெரியகருப்பன் நின்றபடியே பிசைந்தார். வடிகூடையின் கண்ணுக்குள் எது நழுவியிருக்கும், எது கரைந்திருக்கும் என்று அவர் மனசு இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. கூட்டம் அவர் தொண்டையைப் பார்த்தது. முதல் வாய் இறங்க மறுத்தது; தண்ணீர் கேட்டால் சந்தேகப்படுவார்கள். முழுங்கினார். இரண்டாவது வாய். மூன்றாவது. தட்டை வழித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். அந்தக் கரண்டி விழுந்தபோதுதான் பக்கத்தில் ஒரு தட்டு நீண்டது. அப்புறம் இன்னொன்று. பத்துப் பேர் சாப்பிடாமல் வெளியேறினார்கள், மற்றவர்கள் சாப்பிட்டார்கள். கிளெமென்ட் ரசம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

கைகழுவிவிட்டு வந்தவர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "தபால் பிரிவு அஞ்சு மணிவரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். எனக்கோ வேற யாருக்கோ வயித்துல ஏதாச்சும் ஆச்சுன்னா, இது உள்ள போயிரும்."

வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்குப் பாத்திரம் தேய்த்தபடி பார்த்த அளவுக்குப் பெரியகருப்பன் ஆயுசுக்கும் சனங்களின் முகத்தைப் பார்த்ததில்லை. யார் வயிற்றில் கை வைக்கிறார்கள், யார் மரத்தோரம் குனிகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தார். வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு ஓடிய கிழவர் ஏறும்வரை பார்த்தார். நிலக்கோட்டைப் பிள்ளை தாயின் தோளில் தூங்கியது. தூக்கமா மயக்கமா? கிட்டப் போய் நின்றார். "மூக்குச் சளிய்யா, அதான் குறட்டை விடுது" என்று அந்தத் தாய் சிரித்தாள்.

நாலு மணிக்குக் கிளெமென்ட் சட்டென்று எழுந்து கழிப்பறையைப் பார்த்து வேகமாக நடந்தார். பெரியகருப்பனின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஐந்து நிமிசம். ஆள் வரவில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"சார்… கிளெமென்ட் சார்…"

"யாரு? நீயா? இங்கயுமா வந்துட்ட?"

"வயிறு எதுவும்…"

"சர்க்கரை வியாதிக்காரன்ப்பா. எழுவது வயசுல ஒண்ணுக்கு வர நேரமாகும். அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

வெளியே வந்து முகம் கழுவினார். "உனக்கு எப்படி இருக்கு? நீதான ரெண்டு கரண்டி முழுங்குன."

"இருக்கேன் சார்."

ஐந்துக்குப் பத்து நிமிசம் இருக்கையில் கிளெமென்ட் தபால் பிரிவை நோக்கி நடந்தார். பெரியகருப்பன் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனார். ஜன்னலில் கிளெமென்ட் தோள்பைக்குள் கைவிட்டுத் தெருச் சாக்கடை மனுவைக் கொடுத்தார், சீல் வாங்கினார். சட்டைப்பையைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது. திரும்பி, பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"எழுதுனதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். "எங்கிட்டயே கெடக்கட்டும்." பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஜன்னல் சாத்தினார்கள். பெரியகருப்பன் திரும்பி வந்தபோது அல்போன்சா பின்வாசல் படியில் நின்றிருந்தாள்.

"குடுத்துட்டாரா?"

"இல்ல தாயி."

அப்படியே படியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்து அவர் பார்க்கவில்லை. 

"வாயைத் தொறக்காதீகன்னு அம்புட்டுச் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்பறம்?"

"அந்தப் புள்ள வாயைத் தொறந்துருச்சு தாயி."

 அல்போன்சா கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.