சேமிக்காத ஒன்பது நிமிடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ரூடி கொஸ்கெலாவின் கடிதத்திலிருந்து சுட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடக்கு மினசோட்டாவில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில், கணினி மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் படித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: உறைந்த ஏரியின்மேல் ஜனவரி வெயில் விழுந்து

(ஏரியை வர்ணித்தால் எழுத்தாளராகிவிடலாம் என்ற நினைப்பு. அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: ரூடி தன் தம்பியை வெறுத்தார்.

(பொய். வெறுத்திருந்தால் கடிதம் எதற்கு?)

தொடக்கம் மூன்று: ரூடிக்கு எழுபத்து நான்கு வயது. தம்பி லைலோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா தன் கையால் கட்டிய மீன்பிடிக் குடிலை, உறைந்த ஏரிமேல் இழுத்துக்கொண்டுபோய் வைப்பார்களே அதை, லைல் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். வரும் திங்கட்கிழமை லைலுக்கு இதய அறுவை சிகிச்சை. அன்று வியாழன். ஐந்து மணித் தபாலில் போட்டால்தான் சனிக்கிழமை கைக்குப் போகும்.

"ஃபோன் பண்ணலாமே?" என்றேன்.

"அவன் ஹலோன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதும்மா."

மூன்றாவதே இருக்கட்டும்.

3

நாலரைக்கு நூலகக் கணினியில் கடிதத்தை முடித்தார். கோப்பை மூடினார். சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார்.

"ஏன் ரூடி?"

"பொதுக் கம்ப்யூட்டர்ல எங்க வீட்டுச் சண்டைய பத்திரமா வெச்சுட்டுப் போகச் சொல்றியா? ஊரே வந்து படிக்கவா?"

"பிரின்ட் எடுத்துட்டீங்களா?"

"மூடிட்டுத்தானே எடுக்கணும்? அடுப்ப அணைச்சுட்டுத்தானே பாத்திரத்த எறக்கறோம்."

(இந்த இடத்தில் ரூடி அழுதார் என்று எழுதியிருந்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.)

சேமிக்காத கோப்புகள் போய்ப் பதுங்கும் ஒரு மூலை கணினிக்குள் உண்டு.* தேடினேன். கிடைத்தது.

* பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாகவே ஒரு பிரதி எடுத்துவைக்கும். அதற்குப் பிறகு தட்டியதெல்லாம் போனது போனதுதான். கிடைத்தது நாலு இருபத்தொன்றுக்கு எடுத்த பிரதி. ஒன்பது நிமிடம் காணோம்.

4

கிடைத்ததில் என்ன இருந்தது? குடில். அம்மாவின் இறுதிச் சடங்குக்கு லைல் தாமதமாக வந்தது. இரவல் வாங்கித் திருப்பித் தராத பனிவாரும் இயந்திரம். ஒரு பக்கம் நிறைய வசவு. "லைல், நீ ஒரு நாளாவது" என்று பாதியில் நின்றிருந்தது.

"இதுக்கப்புறந்தான் நல்லபடியா எழுதியிருந்தேன்" என்றார்.

"திரும்ப எழுதுங்க. இன்னும் நேரம் இருக்கு."

"லைல், எனக்கு" என்று தட்டினார். அழித்தார். "குடில் போனால்" என்று தட்டினார். அதையும் அழித்தார்.

"வரலம்மா. ஒருவாட்டிதான் வந்துச்சு. எழுவத்துநாலு வருஷத்துல ஒருவாட்டி."

எனக்கு மனசு கேட்கவில்லை. கூடவே ஒரு கேவலமான ஆசையும் வந்தது. அந்த ஒன்பது நிமிடத்தை நானே எழுதி இந்தக் கதையில் செருகிவிட்டால் என்ன? பிறகு வீட்டில் இரண்டு முறை முயன்றேன். ஒன்றில் ரூடி கவிஞராகிவிட்டார். இன்னொன்று வங்கி அனுப்பும் வருத்தக் கடிதம்போல இருந்தது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

5

ரூடி அந்த வசவைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் என் பேனாவால் எழுதினார்:

இதுக்கப்புறம் ஒம்பது நிமிஷம் எழுதினேன். கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு. அதுதான் முக்கியமானது. ஞாயித்துக்கெழம கூப்பிடு, சொல்றேன்.

"இத மட்டும் தனித் தாள்ல எழுதி அனுப்பலாமே ரூடி. முன்பக்கம் எதுக்கு?"

"அதுவும் நெசந்தானேம்மா."

மடித்து உறையில் போடச் சொல்லிவிட்டு, தபால்தலை வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். மணி நாலு ஐம்பது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ரூடி அதன்பிறகும் நூலகத்துக்கு வந்தார். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அப்படித்தான்.

லைல் எப்படிப்பட்டவர் என்று மட்டும் ரூடி சொல்லித் தெரியும். பிரித்ததும் கண்ணில் படுகிற பக்கத்தைப் படித்துவிட்டுத் தாளைக் கசக்கி எறிகிற ஆள். ரூடி முன்பக்கம் என்று ஒப்புக்கொண்டது வசவைத்தான். அது முதலில் தெரியும்படி மடித்தால் நியாயம். பின்பக்கக் குறிப்பு முதலில் தெரியும்படி மாற்றி மடித்தால் ரூடிக்குத் தெரியவா போகிறது?

நான் எப்படி மடித்தேன் என்று சொல்லப்போவதில்லை. இந்தாருங்கள் தாள், இந்தாருங்கள் உறை. ரூடி தெருவைக் கடந்துகொண்டிருக்கிறார். சீக்கிரம் மடியுங்கள்.