தங்கராசாவைத் தோற்கடிக்க வந்த மண்

தங்கராசா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத ஆள் அந்த வருடம் புளியந்தீவில் இருந்திருந்தால், அது அவனுடைய பெண்சாதி நாகமுத்து ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவளுங்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்தில் குந்தியிருந்த தாய் அன்னப்பூரணி தொடையில் கிள்ளியிருப்பாள்.

உத்தியோகத்தர் கழகத்தின் டெனிஸ் தரை வாவிக்கரையோடு இருந்தது. உள்ளே நாற்காலி போட்டுப் பார்க்கிறவர்கள் துரைமாரும் பெரிய கிளாக்கர்மாரும். வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்க்கிறது ஊர். அந்த ஊருக்குத் தங்கராசாவைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆறு வருடமாகக் கிண்ணத்தை அவன்தான் தூக்குகிறான். தூக்குகிறவன் கொஞ்சம் அழகாக விளையாடித் தூக்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். அவனோ பின்கோட்டில் முளையில் கட்டிய எருமை மாதிரி நிற்பான். எவன் எப்படி அடித்தாலும் பந்தை வலைக்கு மேலால் மெதுவாகத் திருப்பி விடுவான். மறுபடி அடித்தால் மறுபடி திருப்புவான். எதிரே நிற்கிறவனுக்குக் கை சோர்ந்து, பிறகு மனம் சோர்ந்து, கடைசியில் அவனே பந்தை வலையில் அடித்துத் தோற்றுப்போவான். பார்க்கிறவனுக்கோ கொட்டாவி.

“டேய் தங்கராசா, பந்து விளையாடுறியா, வயல்வட்டைக்க கிளி விரட்டுறியா?” என்று வேலியிலிருந்து கத்துவார் காத்தான்குடிப் புடவை வியாபாரி முகைதீன்பாவா. விளையாட்டு நாட்களில் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். “அவன் அடிக்க மாட்டான் தம்பிமாரே. அடிச்சா மட்டை தேஞ்சிரும் எண்டு பயம்.”

தங்கராசா திரும்பியே பார்க்க மாட்டான். அதுதான் வேலிக்கு இன்னும் எரிச்சல்.

அன்னப்பூரணியின் வளவு அந்தத் தரைக்குப் பின்னால். பெண்கள் கம்பி வேலியில் நிற்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. அவள் தன் தென்னோலைக் கிடுகு வேலியை ஒரு முழத்துக்குப் பிரித்துவிட்டு, பலகை போட்டுக் குந்தி, வெற்றிலையும் மென்றுகொண்டு பார்ப்பாள். டெனிஸ் கணக்கு அவளுக்கு மனப்பாடம். அவளைப்போலத் தங்கராசாவை வெறுத்தவர்கள் கம்பி வேலியிலும் இல்லை. அதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. தங்கராசா அவளுடைய மருமகன். ஒவ்வொரு வருடமும் கடைசி ஆட்டத்தில் அவனிடம் தோற்கிற கனகசூரியம் அவளுடைய மகன்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். தங்கராசாவும் கரடியனாற்றிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு மட்டையோடும் வந்து சேர்ந்தான். வீடு நாகமுத்துவுக்கு. நடு அறை தங்கராசாவுக்கு. கனகசூரியத்துக்கு வெளி விறாந்தையில் ஒரு மூலை. நாளைக்கு அவனும் எவளோ ஒருத்தி வீட்டுக்குப் போகிறவன்தானே. இதையெல்லாம் முறைப்படி செய்தவள் அன்னப்பூரணி. அதில் அவளுக்குக் குறை இல்லை. வீட்டில் உண்டு, வீட்டில் படுத்து, வீட்டுப் பிள்ளையையே ஊர் பார்க்க அடித்துப் போடுகிறானே, அதுதான் பொறுக்கவில்லை.

மாமி மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவதும் அங்கே வழக்கமில்லை. அன்னப்பூரணி சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவாள். மகள் கிணற்றடியில் நின்றால் கதவு நிலையிடம் சொல்லுவாள்.

“சோறு ஆறுதாம் எண்டு சொல்லு கா. கிண்ணத்தில போட்டுத்தான் தின்னப்போறாராமா எண்டு கேள்.”

தங்கராசா வந்து குந்திச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த வருடம் சோளகக் காற்றுப் பிடித்த நேரத்தில் கனகசூரியம் தாயிடம் ஒரு கதை சொன்னான். கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த அவனைக் கொழும்புக் கந்தோர் ஒன்றுக்கு வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டு முடிந்த கையோடு பதில் சொல்ல வேண்டும்.

“இந்தமுறை வெண்டா இஞ்சயே இரிக்கன். அத்தானிட்ட இனியும் தோத்தா ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருவன் அம்மா. கச்சேரியில பியோன்கூட என்னப் பாத்துச் சிரிக்கான்.”

அன்னப்பூரணிக்கு மீதிக் கதை தெரியும். கொழும்புக்குப் போகிறவன் கொழும்பிலேயே கட்டுவான். பிறகு கடுதாசிதான் வரும். புருசன் போன பிறகு அவள் முகம் பார்த்துச் சிரித்துப் பேசுகிற ஆண் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். அவன் இருக்க வேண்டுமென்றால் தங்கராசா தோற்க வேண்டும். வேறு வழி இல்லை.

தங்கராசா ஏன் தோற்பதில்லை என்பதற்கு வேலிக்காரர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது. டெனிஸ் தரைக்கு வருடாவருடம் மேல்மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கறையான் புற்றுமண் போடுவார்கள். புற்றை வெட்டி, இடித்து, அரித்து, சாணகம் கலந்து பூசி, உருளை போட்டு இழுத்தால் தரை சீமெந்து மாதிரிக் கிடக்கும். அந்த மண் இத்தனை வருடமும் வந்தது கரடியனாற்றிலிருந்து. தங்கராசாவின் தமையனின் வண்டியில்.

“பொறகு எப்படித் தோப்பான்?” என்றான் வேலியில் நின்ற ஒரு தோணிக்காரன். “அவன்ட ஊர்ப் புத்து. புத்துக்க இரிக்கிற நாகதம்பிரானும் அவன்ட ஊர்க்காரர். பந்து கோட்டுக்கு வெளியில போனாலும் அவர் வாலால தட்டி உள்ளுக்கு விடுறார்.”

“எங்களுக்கு இந்தக் கதையில நம்பிக்கை இல்ல,” என்றார் முகைதீன்பாவா. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “எண்டாலும் மண்ண மாத்திப் பாத்தா என்ன?”

அன்றே அவர் அன்னப்பூரணியின் கிடுகு வேலிக்கு வந்துவிட்டார். “தங்கச்சி, உங்கட தேத்தாத்தீவுத் தென்னந்தோட்டத்தில பெரிய புத்து ஒண்டு நிக்கிதெல்லா?”

“நிக்கிது காக்கா. எங்கட தாய்வழிக் குடிக்காரர் தலைமுறையாப் பால் வெச்ச புத்து.”

“அப்ப அது உங்கட மகன்ட பக்கம் நிக்கும்.”

இது ஏன் இவ்வளவு காலமும் தன் மூளையில் படவில்லை என்று அன்னப்பூரணி தன்னையே நொந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை பார்த்துத் தேற்றாத்தீவுக்குப் போய், புற்றடியில் பாலும் முட்டையும் வைத்து விழுந்து கும்பிட்டாள். “வாசல் கண்ணத் தொட மாட்டன் தம்பிரானே. மேல் மண் மட்டும் தா. நீ சட்டை கழட்டுற மாதிரி நினைச்சுக்கொள். என்ட புள்ள என்னோட இரிக்கணும்.” பிறகு கூலிக்காரரைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னாள். தரமான மண் சும்மாவே கிடைக்கிறது என்று முகைதீன்பாவா சொல்ல, கழகத்துச் செயலாளர் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்.

கடைசி ஆட்டத்தன்று புதுத் தரை செக்கச்செவேலென்று கிடந்தது. கம்பி வேலியில் கால் வைக்க இடமில்லை. தங்கராசா வெளியே வந்ததும் வேலி முழுக்கக் கூ அடித்தது. துரை ஒருவர் எழும்பிக் கையைக் காட்டியும் அடங்கவில்லை.

முதல் செட் கனகசூரியத்துக்கு. அவன் அடிக்கிற ஆள், அடித்தான். பந்து மூலைக்கு மூலை பறந்தது. தங்கராசா புதுத் தரையில் கால் வழுக்கி ஒரு தரம் முழங்கால் குத்தி விழுந்தான்.

“அப்பிடியே கிட, எழும்பாத,” என்றார் முகைதீன்பாவா. “மண்ணுக்கு ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது.”

அன்னப்பூரணி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்தது. நாகமுத்து மட்டும் புருசனின் முழங்காலில் வழிந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கா மூஞ்சி? உன்ட தம்பி வெல்றான், சிரி.”

“சிரிக்கன் அம்மா,” என்றாள் நாகமுத்து, சிரிக்காமல்.

இரண்டாவது செட் பாதியில் எதுவோ மாறிற்று. தேற்றாத்தீவுக் கடற்கரைப் பக்கத்து மண் மணல் கலந்தது. உருளை பிடிப்பித்த பிடி வெயிலில் விட்டுவிட்டது. மேல்மண் மாவாக எழும்பியது. கனகசூரியம் எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து அந்த மாவில் விழுந்து, வேகம் செத்து, சோம்பேறி மாதிரி மேலே எழும்பியது. எழும்புகிற பந்துக்குக் கீழே தங்கராசா ஆறுதலாக வந்து நின்றான். திருப்பினான். மறுபடி திருப்பினான். கரடியனாற்று மண்ணில் ஓடி ஓடி எடுத்த பந்தை இங்கே நடந்தே எடுத்தான்.

இரண்டாவது செட் தங்கராசாவுக்குப் போயிற்று. வேலியில் சத்தம் குறைந்து முணுமுணுப்பாயிற்று. முணுமுணுப்புக்குப் பழி போட ஒரு தலை தேவைப்பட்டது. முகைதீன்பாவா கம்பி வேலியை விட்டுவிட்டுக் கிடுகு வேலிக்கு நடந்து வந்தார்.

“தங்கச்சி, மண் எந்தத் துண்டில வெட்டின?”

“கிழக்குத் துண்டில. புத்து அங்கதானே நிக்கிது.”

“கிழக்குத் துண்டா?” அவர் முகம் சுருங்கியது. “அது நாகமுத்துக்குச் சீதனம் குடுத்த துண்டெல்லா? கலியாணக் கூறை கொண்டு வந்த அண்டு பந்தலுக்க நானும்தான் இருந்தன். தென்னையும் நிலமும் அதில உள்ள சகலதும் புள்ளைக்கு எண்டு சபையில சொன்னீங்க.”

தேங்காய் இன்றைக்கும் அன்னப்பூரணிதான் பறிக்கிறாள், காவல்காரனுக்கு அவள்தான் நெல் கொடுக்கிறாள். அது தன்னுடையது இல்லை என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஓம் அம்மா,” என்றாள் நாகமுத்து. “அது என்ட துண்டுதான். நீங்க கேக்கல்ல. நான் சொல்லல்ல.”

முகைதீன்பாவா வேலியைப் பார்த்துத் திரும்பினார். மெதுவாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. “தம்பிமாரே, இது தங்கராசாட பெண்சாதிட புத்து. நாமளே வண்டி கட்டிக் கொண்டு வந்து அவன்ட காலுக்குக் கீழ போட்டிரிக்கம்.”

கூ அடிப்பு இப்போது கிடுகு வேலிப் பக்கம் திரும்பியது. தங்கராசாவுக்குக் கிடைத்த ஏச்செல்லாம் அன்னப்பூரணிக்குக் கிடைத்தது. “மருமகனுக்குத் தரை பூசிக் குடுத்த மாமி” என்றான் தோணிக்காரன். “உள்ளுக்கு விருந்து, வெளியில வேசம்” என்றான் இன்னொருவன். களத்தில் நின்ற கனகசூரியம் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கிடுகுப் பிரிவுக்குள் தெரிந்த தாயின் முகத்தை ஒரு கணம் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் விளையாடியது விளையாட்டில்லை. வந்த பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். வலையிலும் வாவியிலும் விழுந்தது. மூன்றாவது செட்டில் ஒரு கேம் கூட எடுக்கவில்லை. தங்கராசா கிண்ணத்தை வாங்கியபோது கை தட்டினவர்கள் துரைமார் மட்டும். வேலியில் நின்றவர்கள் துப்பிவிட்டுக் கலைந்தார்கள்.

கனகசூரியம் விறாந்தைக்கு வந்து மட்டையைச் சுவரில் சாத்தினான். அன்னப்பூரணி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். வாங்கிக் குடித்தான்.

“நான் உனக்காகத்தான் மனே செய்த.”

“தெரியும். வீடு அக்காக்கு, தோட்டம் அக்காக்கு. டெனிஸ் தரை ஒண்டுதான் சீதனத்தில சேராமக் கிடந்த. அதையும் அளந்து குடுத்திட்டீங்க.”

“ஆம்புளப் புள்ளைக்கு ஆர்ரா மண் குடுத்த?” என்று அவள் வாயில் வந்துவிட்டது. எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வந்த சொல். யோசிக்க முன்னமே வந்துவிட்டது.

“ஒருத்தரும் குடுக்கல்ல. அதான் போறன்,” என்றான் அவன். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் மறித்திருப்பாள். கோபமில்லாமல் சொன்னான். பெட்டியை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினான்.

உள்ளே தங்கராசா முழங்காலைக் கழுவிவிட்டுப் பாயில் வந்து குந்தினான். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தான். நாகமுத்து அழுதுகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். சோற்றை அன்னப்பூரணிதான் கொண்டு வந்து வைத்தாள். விறாந்தையில் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

தங்கராசா சோற்றில் கை வைக்கவில்லை. கதவு நிலையைப் பார்த்துச் சொன்னான். “மச்சான நான் போய் மறிக்கன் எண்டு மாமிட்டச் சொல்லு. அடுத்த வருசம் நான் விளையாடல்ல எண்டும் சொல்லு.”

அன்னப்பூரணி சுற்றி வந்து அவன் முன்னால் நின்றாள். கலியாணத்தன்றுகூட நேராகப் பார்க்காத அந்த முகத்தை முதல் தரம் பார்த்தாள்.

“நீ விட்டுக்குடுத்த தரையில அவன் வந்து விளையாடுவானா?” என்றாள். “நீ மறிச்சா அவன் கொழும்புக்கும் அங்கால போவான். குந்து. தின்.”

தங்கராசா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். அவள் கறிச்சட்டியை எடுத்து அவனுக்கு ஊற்றினாள். மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு, மகனுக்கு வழிச்சோறு கட்ட இலை வெட்டப் போனாள்.