ஊமைச்சியின் இருக்கை முன்னால் நகர்ந்த விதம்

"நேத்து விழுந்த அடிக்கு எத்தனை பாயிண்ட் ஏறுச்சு அண்ணி?" என்று நாத்தனார் ஒருநாள் அவளிடம் கேட்டாள். வலிக்கிறதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆகவே அவளுக்குக் கிடைத்த முதல் விசாரிப்பு அதுதான். அவள் புருஷன் டயர் கடைக்காரன் அவளை அடிக்கும்போதெல்லாம் அவனுடைய கிரெடிட் கார்டில் பரிசுப் பாயிண்ட் ஏறியது. கன்னத்தில் கை இறங்கும், சட்டைப் பையில் போன் ஒலிக்கும், அவ்வளவுதான். முதல் தடவை அவனே குழம்பிப்போய் வங்கிக்குப் பேசினான். மறுமுனைப் பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, அது வீட்டுச் செலவு வகையில் சேருகிறது, பெட்ரோலுக்குத்தான் பாயிண்ட் கிடையாது சார் என்றாள். விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. எந்த வங்கி என்றுதான் கேட்டார்கள். இரண்டு பேர் அதே கார்டுக்கு விண்ணப்பித்தார்கள். சம்பளம் போதாது என்று வங்கி மறுத்துவிட்டதால், அவர்கள் பழையபடி இலவசமாகவே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைத் தெருவில் ஊமைச்சி என்பார்கள். ஊமையில்லை, வாயைத் திறந்தால் அதற்கும் விழும் என்பதால் வார்த்தைகளைச் சேமித்து வைத்திருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தாள். முதல் வருடத்துப் பாயிண்ட்டை அவன் ஓர் இஸ்திரிப் பெட்டியாக மாற்றிக்கொண்டு வந்தான். மறு வாரம் அதையே சூட்டோடு அவள் மேல் எறிந்ததில் கொஞ்சம் பாயிண்ட் திரும்பி வந்தது. தோளில் பதிந்த முக்கோணத் தழும்பு மழை நாட்களில் சூடேறி, அதன்மேல் வைத்த துணி சுருக்கமில்லாமல் மடிந்தது. அவள் வாடிக்கையாளர்களின் காலர்களை அதில்தான் தேய்த்தாள்.

நாத்தனார் மாடி அறையில் இருந்தாள். விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை. இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "யானையை வித்துப் பூனை வாங்கியிருக்க அண்ணே! பாயிண்ட்டைப் போய் யாராவது பொருளா மாத்துவாங்களா? விமானக் கம்பெனி மைலா மாத்து. கூட்டமில்லாத மாசமாப் பார்த்து அந்த மைலைக் குடுத்து ஓசியில டிக்கெட் போடு. அதே பாயிண்ட் மூணு மடங்கு பேசும்." அன்றிலிருந்து டயர் கடைக்காரன் சிக்கனமாக அடிக்கத் தொடங்கினான். சனி, ஞாயிறுகளில் இரட்டைப் பாயிண்ட் என்பதால் வாரநாள் கோபத்தைப் பல்லைக் கடித்து எடுத்துவைத்தான். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கினான். ஊமைச்சிக்கு இடது காது போயிற்று. சுண்டுவிரல் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. நாத்தனார் ஞாயிறு மாலைகளில் ஐஸ் கட்டியோடு இறங்கி வருவாள், ஒத்தடம் கொடுப்பாள், பாயிண்ட் கேட்பாள். வருடங்கள் அப்படிப் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊமைச்சியின் கடைவாய்ப் பல் தெறித்து நூல் பெட்டிக்குள் விழுந்தது. நாத்தனார்தான் நூல்களைக் கிளறி அதை எடுத்தாள். அன்று அவள் எத்தனை என்று கேட்கவில்லை.

டயர் கடைக்காரன் இரண்டு கூட்டாளிகளோடு ஏதாவது தீவுக்குப் போய்க் கடலில் கிடக்க ஆசைப்பட்டான். அப்போது விமானக் கம்பெனி புது உறுப்பினர்களுக்குக் கூடுதல் மைல் அறிவித்திருந்தது. அவனோ பழைய உறுப்பினன். "அண்ணி பேர்ல புதுசா ஆரம்பிச்சா பாதிக்குப் பாதி கூட வரும்" என்றாள் நாத்தனார், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் சிரித்தான். "எவ பேர்ல இருந்தா என்ன? அவளே என் பேர்லதான இருக்கா!" அத்தனை பாயிண்ட்டும் மைலாக மாறி மனைவியின் கணக்குக்குப் போயிற்று. இனி ஏறுவதும் தானாகப் போய்ச் சேரும்படி அவனே பொத்தானை அழுத்தினான். கறந்த பால் மடி ஏறாது, மாற்றிய மைலும் அப்படித்தான் என்பதை அவன் படித்துப் பார்க்கவில்லை.

மறு வாரம் தீவுக்கு டிக்கெட் கேட்டபோது, கணக்குக்காரிதான் போட முடியும், அண்ணி போட்டுவிட்டாள் என்று நாத்தனார் சொன்னாள். ஒரே ஆள். திரும்பும் தேதி கிடையாது. கடைசி வரிசை, கழிப்பறையை ஒட்டிய இருக்கை.

அவன் கடையிலிருந்து டயர் நெம்பும் கம்பியோடு வந்தான். தடுக்கப் போன நாத்தனாரைப் படிக்கட்டில் தள்ளினான். முதல் அடி முழங்காலில் விழுந்தது. ஊமைச்சியின் போன் ஒலித்தது. இருக்கை இரண்டு வரிசை முன்னால் நகர்ந்திருந்தது. முதுகில் விழுந்ததற்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. விலா எலும்பு முறிந்தபோது, கால் நீட்ட இடமுள்ள வரிசை. சுவரில் ரத்தம் தெறித்தது, தைத்து முடித்த சீருடைகளிலும் தெறித்தது. நாத்தனார் நெற்றி உடைந்த நிலையில் போனைப் பார்த்துக் கத்தினாள். "நிறுத்துண்ணே! நீ அடிக்க அடிக்க அவங்க முன்னாடி போறாங்க!" அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது இருக்கை நகராதா? கம்பி வளைந்து அவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, அவளுக்கு முதல் வகுப்பில் முதல் வரிசை, படுத்துக்கொண்டே போகும் இருக்கை உறுதியாகியிருந்தது.

அந்த வகுப்புக்கு வீட்டு வாசலுக்கே கார் வரும். காலையில் வந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. வெள்ளைச் சீருடை ஓட்டுநர் குளிர்ந்த ஈரத் துண்டை நீட்டி, "முகம் துடைச்சுக்குங்க மேடம்" என்றார். துண்டு சிவந்ததைப் பார்த்து இன்னொன்று கொடுத்தார். ஒரு சின்னப் பையோடு, காலை இழுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். டயர் கடைக்காரன் பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். "எங்கடி போற?"

போன் ஒலித்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "கூடுதல் லக்கேஜ் சேர்ந்திருக்கு மேடம்" என்றார்.

அவள் திரும்பி உள்ளே போனாள். நாத்தனார் ஒரு பக்கம் பிடிக்க, தையல் மெஷினைத் தூக்கி வந்து காரின் பின்னால் வைத்தாள். டயர் கடைக்காரனின் கை மறுபடி உயர்ந்தது. இன்னொன்று வைத்தால் அவளுக்கு இன்னும் என்ன கிடைக்குமோ என்று அந்தரத்திலேயே நின்றது. ஊமைச்சி நாத்தனாரின் நெற்றியில் கட்டியிருந்த துணியை ஒருமுறை தொட்டுச் சரிசெய்தாள். இத்தனை வருடம் சேர்த்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அந்த வாசலில் செலவழிக்காமல் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.