நகராத விளக்கு

லென்ஸ் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். சோதனை மேசையில் பதினாறு வருஷம் கண்ணைக் கொடுத்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இடது கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸைக் குண்டு பல்பின் கீழே பிடித்துப் பார்ப்பாள். அதில் இரண்டு குட்டி விளக்குகள் தெரியும். முன்பக்கப் புடைப்பில் பட்டுத் திரும்புவது நிமிர்ந்து நிற்கும்; கண்ணாடிக்குள் புகுந்து பின்பக்கத்தில் பட்டு வருவது தலைகீழாய்த் தொங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் லென்ஸ் தேறியது. விலகினால் மையம் தப்பியது, குப்பைத் தொட்டிதான்.

மூன்று வாரமாய்த் தொட்டி நிரம்பி வழிந்தது. அவள் மேசைக்கு வரும் லென்ஸையெல்லாம் தேய்த்து அனுப்புபவன் அவள் கூடப்பிறந்த தம்பி, கைக்குழந்தைக்காரன். முதல் நாளே நாலு பேர் முன்னால் அவனைத் திட்டித் தீர்த்தாள். அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை. இன்னும் ஒரு தட்டு லென்ஸ் கெட்டால் அவனுக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மதியம் அந்தத் தட்டு வந்தது. முதல் லென்ஸிலேயே விளக்கு விலகி நின்றது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது, அழக்கூடத் தெம்பில்லை. ஏதோ நப்பாசையில் லென்ஸை விரலால் சுழற்றினாள். முறைப்படி ஒவ்வொன்றையும் சுழற்றத்தான் வேண்டும். மணிக்கட்டு வலியில் அதை விட்டு மாதக்கணக்காகிறது. கழுகுக்கு எதற்குச் சுழற்றல் என்கிற திமிரும்தான். மையம் தப்பிய கோணல் லென்ஸ் என்றால் விலகிய விளக்கும் கூடவே சுற்றி வரும். இது சுற்றவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது.

இன்னொன்றை எடுத்தாள். அதே பக்கம், அதே தூரம். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமலே பல்பைப் பார்த்தாள். பல்பும் இரண்டாய்த் தெரிந்தது.

தட்டைத் தேறியதென்று தள்ளிவிட்டால் இன்றைக்கு இருவருக்கும் வேலை நிலைக்கும். ஆனால் மூன்று வாரத்துப் பழி தம்பி தலையிலேயே கிடக்கும். எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள்.

“அவன் கையில ஒரு குத்தமும் இல்ல சார். என் கண்ணுதான் கெட்டுப்போச்சு. தொட்டியில இருக்கிறதை எல்லாம் மறுபடியும் பாக்கணும்.”

சூப்பர்வைசர் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முக்காலியில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தான். அவள் பக்கத்தில் நின்றாள்.

ஏழாவது லென்ஸில் அவன் கை நின்றது.

“இது நெஜமாவே கோணல்க்கா.”

மூன்று வாரத்தில் அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.