மாட்டியதைச் சொல்லவில்லை

அன்று காலையில் மூன்றாம் முறையாகத் திரை நீலமாகி, கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மாடிவீடு ஒன்றின் வரைபடம் இரண்டு மணிக்குள் இன்ஜினியர் கைக்குப் போயாக வேண்டும்.

"சைட்ல ஒரு அளவு விட்டுப்போச்சு, எடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள தம்பிக்குப் போன் போட்டு என்னன்னு பாருங்க," என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கதவு சாத்தியதும் அவன் போனைக் கையில் எடுத்துத் தயங்கினான். மெஷின் ஆமைபோல் ஊர்கிறது என்று அவள் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, ஐந்து நாளைக்கு முன் தெரிந்தவரிடம் ரேம் என்னும் நினைவகத் துண்டு ஒன்றைப் பழசாக வாங்கி, உள்ளே இருந்த ரேமுக்குப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாமல் மாட்டியவன் அவன்தான். மறுநாளே மெஷின் படுக்க ஆரம்பித்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டான்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மைத்துனன் போனில் எடுத்த எடுப்பிலேயே கேட்டான்: "மாமா, புதுசா ஏதாவது மாட்டினீங்களா?"

"இல்லையே மாப்ள."

"அப்ப சூடாத்தான் இருக்கும். சுவிட்ச அணைச்சுட்டு, ஒயரப் பிடுங்கிட்டு மூடியத் திறங்க. ஃபேன்ல தூசி அடைஞ்சிருக்கா பாருங்க."

அவன் தூசியைப் பார்க்கவில்லை. போனைப் பக்கத்தில் வைத்து, தான் மாட்டிய ரேமைச் சத்தமில்லாமல் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இத்தோடு தொல்லை ஒழிந்தது என்று ஒயரைச் செருகி சுவிட்சைப் போட்டான்.

ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கருப்பாகவே கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று சத்தம். நின்று, மறுபடியும் மூன்று. கோளாறாக இருந்த மெஷினை ஒரேயடியாகக் கொன்றுவிட்டோமோ என்று பயந்தான்.

போனில் அந்தச் சத்தத்தைக் கேட்ட மைத்துனனின் குரல் மாறியது. "மாமா, ரேம்ல கை வச்சீங்களா?"

இனி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

மைத்துனன் அடுத்த வேலையைச் சொன்னான்: "சரி, அணைங்க. நீங்க பிடுங்கினப்ப, முதல்லேர்ந்தே உள்ள இருந்த ரேம் நகர்ந்திருக்கும். அதக் கழட்டி, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அமுக்குங்க."

அமுக்கினான். ரேம் செருகியிருந்த பலகையே உடைந்துவிடும் போலிருந்தது. டக். சுவிட்சைப் போட்டான். திரை வெளிச்சமானது. விட்ட மூச்சு அடங்குவதற்குள் மைத்துனன் சொன்னான்: "மாமா, கெட்ட ரேமா இருந்தா, இத்தன நாள் சேவ் பண்ணின ஃபைலும் கெட்டிருக்கலாம். அக்காகிட்ட சொல்லாம விட்றாதீங்க."

இது அவன் நினைத்தே பார்க்காதது. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டபோது ஓடி ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அவள் பையை இறக்குவதற்குள் ரேமை எடுத்து மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டான்.

அவள் உட்கார்ந்து நேற்றைய ஃபைலைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. அதற்கு முந்தையது திறந்தது. மாடிப்படி இருந்த இடத்தில் கோடுகள் தாறுமாறாகக் கிடந்தன. பென்டிரைவில் ஒரு வாரத்துக்கு முந்தைய பிரதி மட்டும் சுத்தமாக இருந்தது.

இன்ஜினியருக்குப் போன் செய்து கெஞ்சி, சாயங்காலம்வரை அவகாசம் வாங்கினாள். பிறகு அந்தப் பழைய பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அளவுகள் எழுதிய நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மாடிப்படியிலேர்ந்து படிங்க. மெதுவா," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.